இறக்கத்துக்குப் பயந்தவள்

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம்... இப்ப விடுங்க."

காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்கள்தான். மருத்துவமனையில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் வேலை. கனத்த ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தால், கொஞ்ச நேரமாவது வெளிச்சத்தில் ஓட வேண்டும்போல் இருக்கும். அப்படித் தொடங்கியதுதான். ஓட ஓடக் கால் பழகி, சாலைப் பந்தயங்களில் பரிசு வாங்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

முப்பத்தாறாவது வயதில், சாலையும் மலையும் கலந்த ஒரு பந்தயத் தொடருக்குப் பெயர் கொடுத்தாள். சமதளத்தில் அவளை எட்டிப் பிடிப்பது லேசில்லை. ஏற்றத்திலும் தாக்குப்பிடிப்பாள். இறக்கம்தான் வினை. நாள் முழுக்க உடைந்த எலும்புகளையே பார்க்கிறவளுக்கு, மலையில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் ஒரு மாவுக்கட்டுதான் கண்ணில் தெரியும்.

கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பந்தய நாட்களில் வேனின் முன்சீட்டை முதலில் பிடித்துக்கொள்வது மாமனார். வாழ்நாளெல்லாம் கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தகராறு. வேன் போகிற தூரம்வரை போய், இருப்பதிலேயே மோசமான ஏற்றத்தின் ஓரம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் எல்லாம், "இதோ வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்!" என்று கத்துவார்கள். அவர் மட்டும் உண்மையைச் சொல்வார்.

"இன்னும் பாதிகூட ஆகலம்மா. நிதானமா போ."

பக்கத்தில் நிற்பவர்கள் அவரை முறைப்பார்கள். அவளுக்கோ அந்தக் குரலைக் கேட்டால்தான் தெம்பு. தன்னை ஏமாற்றாத ஒரு ஆள் அங்கே இருக்கிறாரே!

முதல் மலைப் பந்தயத்திலேயே அவள் பயந்தது நடந்தது. இறக்கத்தில் ஈரப்பாறை வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். அவள் எழுவதற்குள், "அடி பலமா? பின்னால தொண்டர் வர்றாரு, அங்கயே உக்காரு!" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி வெள்ளாடுபோலத் தாவிக் கடந்தாள். தபால் பட்டுவாடா செய்கிறவள். எல்லோருக்கும் அவள் நெட்டை. லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளில் படியேறி இறங்கியே இரும்பான கால்கள் அவளுக்கு.

மறுநாள் தன் எக்ஸ்ரே மேசையில் அவளே கையை நீட்ட வேண்டியதாயிற்று. உடன் வேலை செய்பவனைத் தடியன் என்றுதான் மருத்துவமனையே கூப்பிடும். அவன் பொத்தானில் கை வைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கினான்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

"மணிக்கட்டுக்கு எதுக்குடா மூச்சு?"

"சும்மா. ஒரு நாளாவது நான் சொல்றத நீங்க கேக்க வேணாமாக்கா?"

எலும்பில் மயிரிழை விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு பிரிக்கிற வரை, படுத்த படுக்கையாக வரும் நோயாளிகளைத் தூக்கி மேசையில் கிடத்தும் வேலை முழுவதையும் தடியனே செய்தான். நன்றி சொல்லப்போனால், "கோப்பை வாங்குனா அதுல என் பேரையும் சேத்து வெட்டச் சொல்லுங்க" என்று நழுவிவிடுவான்.

கட்டோடு ஓட முடியாது, நடக்கலாம். விடுமுறை நாட்களில் கணவனும் அவளும் ஊருக்கு வெளியே இருந்த குன்றுக்குப் போனார்கள். அவன் முன்னால் இறங்குவான். திரும்பித் திரும்பி, "பாத்து... பாத்து..." என்பான்.

"ஏங்க, நீங்க பாத்துன்னு சொல்றப்பதான் எனக்குப் பயமே வருது."

அதன்பிறகு அவன் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, சுருதி சேராமல் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினான். அந்தக் கண்றாவிச் சீட்டியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியதில், காலைப் பார்க்காமல் பாதையைப் பார்க்க அவளுக்குப் பழகிவிட்டது. கட்டு பிரித்த பிறகு அதே இறக்கத்தில் மெல்ல ஓடிப் பார்த்தாள். பயம் போய்விடவில்லை. ஆனால் அது முன்போல் காலைப் பிடித்து இழுக்கவில்லை.

தொடரின் பெரிய மலைப் பந்தயத்தன்று உச்சியில் பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஏற்றம் முடிந்தபோது பெண்களில் அவள்தான் முதல், நெட்டை சற்றுப் பின்னால். வழி காட்டக் கட்டியிருந்த ரிப்பனைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பாதை இரண்டாகப் பிரிந்ததே தெரியாமல், அகலமாக இருந்த பக்கம் இறங்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னாலிருந்து ஒரு குரல், பந்தயக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்லி.

"ஏய் எக்ஸ்ரே! காலடிச் சத்தம் அங்க கேக்குதே, எங்க போற? வழி இந்தப் பக்கம்!"

நின்றாள். திரும்ப ஏறினாள். எதுவும் தெரியவில்லை, குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. "இங்க... இங்க வா... இன்னும் மேல..." அதைப் பிடித்துக்கொண்டே பிரிவுக்கு வந்து சேர்ந்தால், நெட்டை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு!"

இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். நெட்டை முன்னால், இவள் பின்னால். இம்முறை இவள் விழவில்லை. அடிவாரத்தில் மலைப்பாதை முடிந்து தார்ச்சாலை வந்தது. எல்லைக்கோடு வரை சமதளம். அது இவளுடைய ராஜ்ஜியம். ஆனால் இவளுக்குக் கால் எழவில்லை. வழி சொன்னவளை எப்படி முந்துவது? வேண்டுமென்றே அரை அடி பின்தங்கினாள். நெட்டைக்குப் புரியாமல் இருக்குமா?

"என்னடி, பிச்சை போடறியா? போட்டிக்கு ஆள் வேணும்னுதான் உன்னக் கூப்பிட்டேன். ஓடுடி!"

அந்த அதட்டலில் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வர, ஓடினாள். கையெட்டும் தூர வித்தியாசத்தில் ஜெயித்தாள். பின்னாலேயே வந்த நெட்டை அவள் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "இனிமே பனி விழுந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். அதை இருவருமே நம்பவில்லை.

அந்தத் தவறான பாதை மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகிறது என்று பிறகு சொன்னார்கள். திரும்பி வரப் பொழுது சாய்ந்திருக்கும். நெட்டை பேசாமல் தன் வழியில் போயிருந்தால் யாரும் ஒரு குற்றமும் சொல்லியிருக்க முடியாது. பனிக்குள் நடந்தது யாருக்குத் தெரியும்? எக்ஸ்ரே அறையில் படம் கழுவிக் காய்வதற்குக் காத்திருக்கும் நேரங்களில் இதை நினைப்பாள். நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

மாமனார் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரு பெத்த பொண்ணோ! அவள ஒரு நாள் நம்ம வேன்லயே கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அதற்கு வாய்ப்பு தொடரின் கடைசிச் சாலைப் பந்தயத்தில் வந்தது. கொட்டுகிற மழை. ஒரு கல்லூரி மாணவி எல்லோரையும் முந்திப் போய், தொடரையே தட்டிக்கொண்டு போனாள். எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டியதில் நெட்டைக்கு இரண்டாமிடம், விழுந்த பந்தயத்தின் நஷ்டத்தோடு இவளுக்கு மூன்றாமிடம். அதில் இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

திரும்பும்போது நெட்டையும் வேனில் ஏறிக்கொண்டாள். மாமனார் முன்சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி பின்னால் போய் உட்கார்ந்தார். அந்தச் சீட்டை அவர் யாருக்கும் கொடுத்து வீட்டில் எவரும் பார்த்ததில்லை. நெட்டை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

"வீடு வந்துடுச்சா பெரியவரே?"

"இன்னும் பாதிகூட ஆகல. தூங்கு."

வேன் ஊரைத் தாண்டுவதற்குள் மூவரும் தூங்கிப்போயிருந்தார்கள். கணவன் ரேடியோவை அணைத்துவிட்டு, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.