கோட்டு போட்ட அத்தை

பேனர் கட்டும்போது அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், அம்மா கேசரிப் பாத்திரத்தோடு நின்றாள், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். யாருக்காகக் கட்டினோமோ அந்த அத்தை மட்டும் இல்லை. அவள் மறைமலைநகரில் முதல் ஷிப்டில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டங்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாப்பிடும்போது, "என்னிய சூப்பர்வைசரா போடறேன்றாங்க" என்றாள். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். அந்தப் பேச்சில் அவள் சொல்லாத மிச்சம் இருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்த்த அப்பா, மறுநாள் லீவு சொல்லிவிட்டு நேராகச் சிங்கப்பெருமாள் கோயில் பேனர் கடைக்குப் போனார்.

வீட்டில் இருந்தது ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோ. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாள். கடைப் பையன் புடவையை நீக்கிவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டான். 'சூப்பர்வைசர்' என்று சிவப்பில் பெரிய எழுத்து. கீழே வட்டம் வட்டமாக நாங்கள் எல்லோரும், பள்ளி யூனிபார்மில் நானும். அதைவிட அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை.

கம்பெனி பஸ் வந்து நின்றது. பொறி பட்டுப் பொத்தல் விழுந்த முழுக்கைச் சட்டையோடு அத்தை இறங்கினாள். சித்தப்பா சரவெடியைக் கையில் எடுத்தார். அவள் பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"ண்ணா, நான் வேணான்னு காலைலயே சொல்ட்டு வந்துட்டேனே."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தெருவே கூடி நின்றது.

"இன்னாம்மா சொல்ற? நம்ம அப்பன் அடுத்தவன் நெலத்துல குனிஞ்சான். நான் ரிசார்ட்டுல மேனேஜரு விசில் சத்தத்துக்கு ஓடிகினு கீறேன். நாலு பேர வேல வாங்கற ஆளுன்னு நம்ம வூட்ல ஒருத்தராவது வேணாவா? நாளைக்குப் போயி சரின்னு சொல்லு."

"எனுக்கு யாரையும் வேல வாங்க வேணாண்ணா. நான் வச்ச ஜாயின்ட் ஒண்ணுகூட இதுவரிக்கும் சரியில்லன்னு திரும்பி வந்ததில்ல. அத வுட்டுட்டு அடுத்தவன் வைக்கறத பாத்துகினு நிக்கணுமா?" கோட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதப் போட்டுகினு வெல்டிங் கன்ன புடிச்சா மொதல்ல கோட்டுதான் பத்திக்கும்."

பக்கத்து டீக்கடைக்காரர் குறுக்கே கேட்டார்: "வெடி வைக்கறதா, வேணாவா? சொல்லு அண்ணாத்த, நான் எண்ண சட்டிய மூடணும்."

அத்தை என்னை அனுப்பி ஒரு சார்ட் பேப்பர் வாங்கிவரச் சொன்னாள். வீட்டில் எழுத்து நன்றாக வருவது எனக்குத்தான். 'வெல்டர்' என்று பட்டையாக எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா மேலே ஏறி 'சூப்பர்வைசர்' மேல் அதை ஒட்டினார். கம்பத்தைப் பிடித்துக்கொள்ள அப்பாவே வந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தார்.

வெடி வெடித்து முடிந்ததும் கேட்டேன், "அத்த, நேத்தும் நீ வெல்டர்தானே? அப்புறம் எதுக்கு வெடி?"

"அதுக்குத்தாண்டா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஏதோ பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இப்போது படித்து முடித்து இன்டர்வியூக்களுக்குப் போகிறேன். அடுத்து என்ன ஆகப்போகிறாய் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தப் பொத்தல் சட்டை ஞாபகத்துக்கு வருகிறது. அத்தை இன்றும் அதே லைனில்தான் இருக்கிறாள்.

அன்றைக்குப் பேனர் எழுநூறு, வெடி இருநூறு, கேசரி நூற்றைம்பது. அத்தைக்குப் பிடித்த அந்த ஒரு வார்த்தைக்கு ஆன செலவு, சார்ட் பேப்பர் பத்து ரூபாய்.