பல்லிடுக்கில் முக்காட்டு நுனி

ஒகுல்கெரெக் கார் ஓட்டும்போது முக்காட்டின் ஒரு நுனியைப் பல்லிடுக்கில் கடித்திருப்பாள். பின்சீட்டில் மாமனார் இருக்கும் நாட்களில் மட்டும்தான் அப்படி. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் பக்கத்து லேனில் வருகிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட பெரிய துணி, அதன் கீழே ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் நிறைமாத வயிறு. காற்று கொண்டுபோய்விடாமல் தன்னைத் தானே கவ்விப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மெண்ட் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருந்தாள். துர்க்மெனிஸ்தான்காரி. ஊருக்கு மாரி என்று பெயர். மழையே பெய்யாத ஊராம். கணவன் மெர்தான் பெரிய ட்ரக் ஓட்டினான். கிரீன் கார்டு லாட்டரி அடித்து அமெரிக்கா வந்த குடும்பம். அவன் வாரக்கணக்கில் சாலையிலேயே இருப்பான். வீட்டில் அவளும், டேகேர் போகும் மகள் ஜெரெனும்தான்.

நான் மேல்வீட்டில், திருமூர்த்தி அண்ணன் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பது வசந்தம். ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது வரும்வரை வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மனைவி வான்மதிக்குச் சபரி பிறந்திருந்த நேரம். பிரசவம் பார்க்க அவளுடைய அம்மா தனபாக்கியம் சின்னமனூரிலிருந்து வந்திருந்தார். யூனியன் ஆபீஸ் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். பேசாமல் இருப்பது அவருக்குக் காய்ச்சல் மாதிரி.

இரண்டு வீடும் பழகியது புகையால். ஒரு காலை தனபாக்கியம் குழந்தைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது கட்டடம் முழுக்க அலாரம் அலறியது. ஃபயர் எஞ்சின் வந்தது. எல்லோரும் நைட்டியும் பைஜாமாவுமாகப் புல்வெளியில் நின்றோம்.

"நாந்தேன் போட்டேன்னு சொல்லிரு தம்பி. பிள்ளைக்குச் சளி. ஜெயில்ல போட்டாலும் போடட்டும், அங்கிட்டாவது நாலு பேரு பேச இருப்பாக" என்றார் தனபாக்கியம்.

ஆனால் தீயணைப்புக்காரர் கீழ்வீட்டிலிருந்து ஒரு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஏதோ காட்டு விதைகள் பொரிந்து புகைந்துகொண்டிருந்தன. பின்னாலேயே ஒகுல்கெரெக் தலைகுனிந்து வந்தாள். கண் பட்டால் அவர்கள் ஊரில் அந்த விதையைப் புகை போடுவார்களாம். தனபாக்கியம் காற்றில் ஒரு இழுப்பு மோந்தார்.

"கண்ணேறு கழிச்சிருக்கா. இவ நம்ம ஆளுதேன்."

அன்று சாயங்காலம் அவள் துணியில் சுற்றி வட்டமாக ஒரு ரொட்டி கொண்டுவந்தாள். தனபாக்கியம் அதை வாங்கிக் குப்புற வைத்துக் கத்தியை எடுத்தார். ஒகுல்கெரெக் பதறி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரொட்டியைத் திருப்பி முகம் மேலே பார்க்க வைத்து, இரண்டு கையாலும் பிய்த்துக் கொடுத்தாள். குப்புறப் போடக் கூடாது, கத்தி படக் கூடாது.

"சரி தாயி, இனிமே படாது" என்றார் தனபாக்கியம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடை ரொட்டிப் பாக்கெட்டைக்கூட நிமிர்த்திவைத்தார்.

ரொட்டியைத் தின்றபடிதான் அவள் தன் பெயரைச் சொன்னாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ஒகுல் என்றால் மகன், கெரெக் என்றால் வேண்டும் என்றாள். வீட்டில் நான்காவது பெண். அடுத்ததாவது பையன் பிறக்கட்டும் என்று வைத்த பெயர். நான் தமிழில் சொன்னேன்.

"எங்க சித்தி மக பேரு போதும்பொண்ணு" என்றார் தனபாக்கியம். "அதச் சொல்லு அவகிட்ட."

சொன்னேன். ஒகுல்கெரெக் மெல்லுவதை நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தூரத்து ரயில் நிலையத்தில் உறவுக்காரரை அடையாளம் கண்டதுபோல. வேறு யாரையோ வரச்சொல்லிக் கூவும் ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில், கல்யாணத்தில், விமான நிலையத்தில் அந்தப் பெயருக்கெல்லாம் இவள்தான் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். ஸ்கேனில் பெண் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் வைக்கிற உரிமை மாமனாருக்கு. அவர் போனிலேயே மெர்தானிடம் சொல்லியாகிவிட்டது, பெஸ்ஸிர். போதும் என்று அர்த்தம். மெர்தான் அப்பாவுக்கு எதிராக வாய் திறக்க மாட்டான். அவளும் திறக்க முடியாது. அவர்கள் வழக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அவரோடு பேசாமல் இருக்க வேண்டும், அவராக விடுவிக்கிற வரைக்கும். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை.

"பேர் மாத்தணும்னா எப்படிக் கேப்பே?" என்றாள் வான்மதி.

ஒகுல்கெரெக் மிச்ச ரொட்டியைத் துணியில் மூடினாள்.

மே மாதம் மாமனார் வந்தார். அன்னாகுலி. கண்புரை ஆபரேஷனுக்காக மகன் வரவழைத்திருந்தான். உயரமான மனிதர். அந்த வெயிலிலும் தலையில் ஆட்டுத்தோல் தொப்பி, ஒரு சிறிய மேகம் வந்து உட்கார்ந்ததுபோல. படிக்கட்டில் தனியாக ஒரு கெட்டில் பச்சைத் தேநீரோடு உட்கார்ந்து கார் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு என்ன தெரிந்ததோ.

வீட்டில் பேச்சு ஜெரென் வழியாக நடந்தது. "ஜெரென், தாத்தாவிடம் சொல், சாப்பாடு ஆயிற்று" என்று அவர் காதுபடவே சொல்வாள் ஒகுல்கெரெக். "ஜெரென், அம்மாவிடம் சொல், பசியில்லை" என்பார் அவர். இரண்டு பேருக்கும் நடுவில் பொம்மையோடு உட்கார்ந்திருக்கும் ஜெரென், "தாத்தாவுக்கே கேட்டுவிட்டது, அம்மா" என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொள்வாள்.

சிக்கல் வந்தது ஜெரென் டேகேரில் இருந்த ஒரு நாளில். ஆபரேஷன் முடிந்து நியூ பிரன்ஸ்விக் கிளினிக்கில் டாக்டர், குனியவே கூடாது என்று அவளிடம் சொல்லியனுப்பினார். அதை மாமனாரிடம் சொல்ல நடுவில் ஆளில்லை. சைகை காட்டினாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. பார்க்கிங்கில் தொப்பி விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். கண் சிவந்து, திரும்ப உள்ளே ஓடி, டாக்டரிடம் திட்டு.

மறுநாள் வான்மதியிடம் வந்தாள். "உன் அம்மாவைக் கொஞ்சம் கொடுப்பாயா? ஒன்றும் புரிய வேண்டாம். காரில் இருந்தால் போதும்."

"புரியாம எப்படிம்மா?" என்றார் தனபாக்கியம்.

"ஜஸ்ட் கூட உக்காரும்மா. உனக்குச் சொல்ற மாதிரி அவருக்குச் சொல்லுவா" என்றாள் வான்மதி.

"அப்ப நான் தூதா?" தனபாக்கியத்துக்கு அது பிடித்துவிட்டது. புதுச் சேலை கட்டினார். "இந்தத் தம்பியும் வரட்டும். வழியில நமக்கும் பேச ஒரு ஆள் வேணும்ல."

அப்படித்தான் நானும் போகலானேன். முன்சீட்டில் தனபாக்கியம், பின்னால் அன்னாகுலி, அவர் பக்கத்தில் மடியில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகத்தோடு நான். ஒகுல்கெரெக் கண்ணைச் சாலையில் வைத்தபடி, தனபாக்கியத்திடம் துர்க்மென் மொழியில் சொல்வாள். பல்லிடுக்கில் துணி இருப்பதால் சொற்கள் ஈரமாக, பாதி மூச்சாக வரும். தனபாக்கியம் தலையாட்டிவிட்டுத் திரும்பித் தமிழில் சொல்வார்:

"கேட்டீகளாண்ணே? சொட்டு மருந்து பத்தித்தேன் ஏதோ சொல்றா. ஒழுங்கா போடுங்க."

அன்னாகுலி முகம் மாறாமல் தனபாக்கியத்துக்கே பதில் சொல்வார். "என்னங்கிறாரு?" என்று என்னிடம் கேட்பார் இவர்.

"தெரியல ஆன்ட்டி."

"நீ படிச்சு என்னத்துக்கு" என்பார்.

இரண்டு பாஷையும் ஜன்னலில் மோதி மோதி வண்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். புரியாத பேச்சில் ஒரு சுகம் உண்டு, தூங்கும் குழந்தைக்குக் கேட்கிற பெரியவர்களின் பேச்சுபோல. புத்தகத்தில் ஒரு பக்கம் நகராது.

கடைசிச் சோதனை நாளில் மழை. கண்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவர் ஊருக்குத் திரும்புகிறார், குழந்தை பிறப்பதற்கு முன்னால். பெயரை முடிவாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பும் வழியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனபின் ஒகுல்கெரெக் பேச ஆரம்பித்தாள். முதலில் மருந்துப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நிற்கவில்லை. அன்று அவர்கள் பேசியதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவளே வான்மதியிடம் சொன்னாள். நான் இங்கே அதன்படி எழுதுகிறேன்.

"அப்பாவிடம் சொல்லுங்கள்," என்றாளாம் தனபாக்கியத்திடம், "என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எனக்குப் பின்னால் ஒரு பையன் நிற்கிறானா என்று இன்னும் பார்க்கிறேன். என் மகள் அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள்."

தனபாக்கியத்துக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் திரும்பினார், வழக்கத்தைவிட மெதுவாக.

"அண்ணே, என்னமோ ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருந்ததச் சொல்றா. கோவிச்சுக்கிறாதீக. எங்க சித்தி மக போதும்பொண்ணு, ஓட்டு லிஸ்ட்டுல பேரு வாசிச்சாக்கூட நாலு பேரு சிரிப்பாக. பாவம், அவளும் சேந்து சிரிப்பா."

அன்னாகுலி கட்டுப் பிரித்த கண்ணை ஜன்னல் பக்கம் வைத்திருந்தார். கண்ணாடியில் இறங்கும் மழையை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி. நான் புத்தகத்தை மூடினேன். பிளெய்ன்ஸ்போரோ பக்கம் போகும் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கடந்தன. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையை அன்றுதான் பார்த்தேன். மழித்த, வெள்ளையான, சிறுவனின் தலை.

"இந்த அம்மாவிடம் சொல்கிறேன்," என்று ஆரம்பித்தார். "பெஸ்ஸிர் என் அக்கா. அவளுக்கு அந்தப் பெயர் வைத்தபின் பிறந்தவன் நான். இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தாள். பெயர் பலித்துவிட்டது என்று ஊரே என்னைக் காட்டிச் சொல்லும். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பையன் வேண்டும் என்று நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயரை வீட்டில் திரும்பவும் கூப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்."

வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அந்தப் பெயர் அக்காவுக்குப் பிடித்திருந்ததா என்று நான் கேட்டதே இல்லை" என்றார். பிறகு, "மருமகளிடம் கேளுங்கள். அவளுக்கு என்ன பெயர் வேண்டும்?"

தனபாக்கியம் ஒகுல்கெரெக்கைப் பார்த்தார். "என்னமோ கேக்குறாரு தாயி. சொல்லிரு."

ஒகுல்கெரெக் தனபாக்கியத்தைப் பார்த்து வாயசைத்தாள். துணிக்குள் ஏதோ முனகலாக வந்தது.

அப்போது அவர் முன்னால் சாய்ந்தார். "இந்த அம்மாவுக்கு நம் பாஷை தெரியாது, மகளே" என்றார். "என்னிடமே சொல்."

முக்காட்டு நுனி அவள் வாயிலிருந்து நழுவி விழுந்தது. நனைந்து, பல் தடம் பதிந்து, கசங்கிய ஒரு மூலை. கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"குலாலெக்" என்றாள். அவர்கள் ஊர் மலையடிவாரத்தில் வசந்தத்தில் பூக்கிற ஒரு சிவப்புப் பூவாம்.

"குலாலெக்" என்று அவரும் சொல்லிப்பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார், அடுத்த அறையில் இருக்கும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல.

தனபாக்கியம் என் பக்கம் திரும்பினார். "கடிச்சத விட்டுட்டா பாத்தியா. இனி என் வேல போச்சு" என்றார். குரலில் சிரிப்பும் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஒகுல்கெரெக் அதைக் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து, ஜெரென், ரொட்டி, மெர்தான் அனுப்பிய போட்டோ, ஏதேதோ. அவர் உம் கொட்டினார். இடையில் ஒருமுறை அவர் சிரித்தார். நாங்கள் திரும்ப வேண்டிய சிக்னல் மழையில் பச்சையாகக் கரைந்து பின்னால் போயிற்று. தனபாக்கியமும் கவனித்தார், நானும் கவனித்தேன். இருவரும் சொல்லவில்லை.