குழாய் நிறையத் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்புசெட் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். அதனால் வரதன் மேஸ்திரி பேசுவார், நான் ஸ்பானர் பிடிப்பேன்.

மேஸ்திரி கடம்பத்தூர்ப் பக்கம் கிணறு கிணறாக மோட்டார் இறக்கிக் கை பழகியவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது மோட்டார் போடும் நாளில் கற்பூரம் கொளுத்திவிட்டு, அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் எல்லோரும் குழாய் வாயருகே வந்து நிற்பார்கள். தண்ணீர் குழாய் நிறைய விழுந்தால் மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு. அரைக் குழாயாக வந்தால், "இன்னா மேஸ்திரி, மோட்டாருக்கு ஜுரமா?" என்று அறுவடை வரைக்கும் கேலி. ஆகவே எதற்கும் ஒரு சைஸ் கூட்டித்தான் போடுவார். கிணற்றுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒரு சித்திரையில் ஏழுமலை பட்டறைக்கு வந்தார். பக்கத்துத் தொழிற்சாலையின் தோட்டக்காரர். பழவேற்காட்டு மீனவர். ஏரியில் பிழைப்பு இல்லாமல் இந்த வேலைக்கு வந்து, தோட்டத்துக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவி மக்களோடு இருந்தார். ஆபீஸ் முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிமெண்ட் குளம். அடியில் சேறு கொட்டித் தாமரை வளர்த்திருந்தார்கள். முதலாளி வெளியூரிலிருந்து வரவழைத்த சிவப்பு மீன்களும் இருந்தன.

"மீனுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது மேஸ்திரி. தண்ணி வெந்துபோய்க் கெடக்குது. கொஞ்சம் அசைஞ்சா பொழச்சிக்கும். பம்பு வாங்கிக்கோன்னு மானேஜரு சொல்லிட்டாரு. மெதுவா ஓடணும், அவ்ளோதான்."

"மெதுவா ஓடறதுக்கு மோட்டார் எதுக்கு நைனா? ஒரு சொம்பு எடுத்துக்கினு நீயே மொண்டு மொண்டு ஊத்து."

ஏழுமலையும் சிரித்தார். பிறகு, "மொதலாளி அடுத்த வாரம் வராரு. மீனு செத்துதுன்னா ரூமைக் காலி பண்ணிக்கினு போயிடுன்னுட்டாரு மானேஜரு" என்றார்.

"நான் போடற மோட்டார்ல மீனு சாவுமா? நீ ஊட்டுக்குப் போ."

வயலுக்கென்று வாங்கி வைத்திருந்த மூன்று எச்.பி. மோனோபிளாக் மோட்டாரைத்தான் ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீரை உறிஞ்சும் ஃபுட்வால்வைக் குளத்தின் அடியில் விட்டு, மறுகோடியில் தண்ணீர் விழும்படி குழாய் போட்டோம். கற்பூரம் ஏற்றியாயிற்று. கேண்டீன் ஆட்கள்கூட வந்து நின்றார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் குழாய் நிறையப் பாய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"சபாஷ்! ராத்திரியும் ஓடட்டும், நிறுத்தாதே" என்றார் மானேஜர்.

ஏழுமலை குழாயைப் பார்க்கவில்லை. தாமரை இலைகள் எல்லாம் ஃபுட்வால்வு இருந்த பக்கம் இழுபட்டுக் கொண்டிருந்தன. "ரொம்ப இழுக்குதே மேஸ்திரி" என்றார்.

"புது மோட்டார். ரெண்டு நாள்ல அடங்கிடும்."

மறுநாள் காலையில் எங்களுக்கு ஆள் வந்தது. குளம் சேற்றுக் குழம்பாக இருந்தது. சின்ன மீன்கள் ஃபுட்வால்வின் சல்லடையில் அப்பிக் கிடந்தன. பெரியவை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. ஏழுமலை குளத்துக்குள் இறங்கி, வலையிலிருந்து எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண் கரையில் நின்று கூடையைப் பிடித்திருந்தாள்.

மானேஜர் எங்களைக் கேட்கவில்லை. ஏழுமலையைத்தான் கேட்டார். "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?"

மேஸ்திரிதான் முன்னால் வந்தார். "சார், மோட்டார் மேல கொறை இல்ல. பாருங்க, இப்பவும் குழாய் நெறைய வருது."

அவர் ஏமாற்றவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நல்ல பம்புக்கு அவருக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே ஏழுமலையின் அறை காலியாயிற்று.

பிறகு அந்தக் குளத்துக்கு அரை எச்.பி. பம்பு போட்டோம். ஃபுட்வால்வைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுற்றிலும் வலை கட்டினோம். குளத்துத் தண்ணீர் ஒரு சுற்று வர இரண்டு மணி நேரம் ஆனது. அது போதுமாக இருந்தது. புது மீன்கள் வந்தன, புதுத் தோட்டக்காரரும் வந்தார்.

மழைக்காலத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஏழுமலையைப் பார்த்தேன். லாரியில் இரும்புத்துண்டு ஏற்றிக்கொண்டிருந்தார். தப்பித்துப் போகலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவரே கூப்பிட்டார்.

"தண்ணி தெளிஞ்சிச்சா நைனா?"

"தெளிஞ்சிடுச்சு. அரை எச்.பி. போட்டோம்."

"எவ்ளோ வருது?"

"அரைக் குழாய்தான்."

"அத்தத்தானே கேட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து அடுத்த கூடையைத் தூக்கினார்.

பம்பு வேலைக்கு வருகிறவர்கள் எச்.பி.யை அப்புறம் பார்க்கலாம். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், உள்ளே என்ன உயிர் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். குளத்துக்குப் பம்பு கேட்டு யார் வந்தாலும், அதைத் தினமும் பார்த்துக்கொள்கிற ஆள் யார் என்று நான் விசாரிக்கிறேன். மற்றவர்களிடம் இன்னும் கூச்சம்தான். அந்த ஆளிடம் மட்டும் உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.