நூறு வரை எண்ணுகிறவர்கள்

தீயணைப்பு நிலையத்தின் சுற்றுச்சுவரில் அந்த நிலையத்தின் வரலாற்றை ஓவியமாக வரைய ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் அச்சகத்தில் பேச்சு வந்தது. பேசியவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. கட்டைவிரல் அளவில் கிளியும் மயிலும் வரைந்து வரைந்து அலுத்துப்போனவளுக்கு நாற்பதடிச் சுவர் கிடைக்கிறது, விடுவேனா? கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

அம்மாவிடம் மட்டும் இன்னொரு காரணத்தைச் சொன்னேன். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் அப்பா இறந்தார். மருந்து கலக்கிற அறையில் அவருக்கு வேலை. வெடிக்குள் போகிற ரசாயனத்தைத்தான் மருந்து என்போம். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வந்து, வாசலுக்கு வெளியே நின்றது. அதில் வந்தவர்களும் இறங்கி நின்றார்கள். உள்ளே ஒவ்வோர் அறையாக வெடித்துக்கொண்டிருக்க, அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அம்மாவும் நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தோம்.

அவர்கள் அப்படி நின்ற நேரத்தில் அப்பா உயிரோடு இருந்தாரா? இதை நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இப்போது ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஆட்கள் இருப்பார்கள்.

"கேட்டு என்ன செய்யப் போற?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுக்கிடலாம்ல."

"தெரிஞ்சு?"

அம்மா புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

நிலைய அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். பழைய புகைப்படங்கள் அடைத்த பிஸ்கட் டப்பா ஒன்றை என் கையில் கொடுத்து, "வரலாறு எல்லாம் இதுல இருக்கும்மா, திறப்பு விழாவுக்குள்ள முடிச்சிருங்க" என்றார். டப்பாவைத் திறந்ததும் எனக்குக் கை பரபரத்தது. கயிறு கட்டி அடிக்கிற பித்தளை மணி. மூக்கு நீண்ட பழைய வண்டி. அதன் முன்னால் அரைக்கால் சட்டையோடு விறைத்து நிற்கும் ஆட்கள். மல்லாங்கிணறு பக்கம் ஒரு கிணற்றிலிருந்து கயிற்றில் தொங்கியபடி மேலே வரும் பசுமாடு. அன்று சாயங்காலமே சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட ஆரம்பித்துவிட்டேன்.

படங்களுக்கு விளக்கம் சொல்ல அதிகாரி ஒரு டிரைவரை அனுப்பினார். ஐம்பதை நெருங்கும் வயது. இதே நிலையத்தில் வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர். விளக்கம் சொல்வதைவிடச் சுவரைக் கேலி செய்வதில்தான் அவருக்கு ஆர்வம்.

"ஏம்மா, மாட்ட இம்புட்டு அழகா வரஞ்சிருக்கீக, தூக்குற எங்காளு மூஞ்சிய ஏன் இப்படி ஆக்கிட்டீக?"

"அவரு கஷ்டப்பட்டுத் தூக்குறாருண்ணே."

"கஷ்டமா? மாடு அவன் மேல சாணி போட்டுருச்சு. அந்த மூஞ்சி வேற மாதிரி இருக்கும்."

இடையிடையே போன் வரும். முக்கால்வாசி அழைப்புகள் வீட்டுக்குள் புகுந்த பாம்புக்காகத்தான். "நீரு தீயணைக்கப் போறீரா, பாம்பு பிடிக்கப் போறீரான்னு என் வீட்டுக்காரியே கேக்கா" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்.

மணி, வண்டி, கிணறு மூன்றும் நான்கு நாளில் முடிந்தன. நடுவில் பெரிய இடத்தைப் பட்டாசு ஆலைத் தீக்கு என்று விட்டுவைத்திருந்தேன். அதை ஒரே நாளில், சாரத்தைவிட்டு இறங்காமல் வரைந்தேன். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், பிறகு ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்பு. உச்சியில் பொன்னிறப் பொறிகள் விரிந்து சிதறின. அந்தத் தீயை நோக்கி ஐந்து பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கீழே இறங்கிப் பார்த்தேன். பிரமாதம் என்றுதான் தோன்றியது.

டிரைவர் டீ கொண்டுவந்தார். சுவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓரத்துல கம்பெனி பேரையும் விலையையும் போட்டுருங்கம்மா. சீசனுக்கு நல்லா ஓடும்."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது அது சரி என்று தெரிந்தது. நான் வரைந்திருந்தது லேபிள். அப்பா செத்த தீயைத் தீபாவளி ஆர்டருக்கு வரைவதைப் போல வரைந்திருந்தேன். வெட்கமாக இருக்கும், இல்லையென்றால் அழுகையாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப நெசத்துல எப்படிண்ணே இருக்கும்?"

"தீயே தெரியாதும்மா. வெள்ளையாப் புகைதான். செங்கல் பறக்கும், தகரம் பறக்கும். அது கெடக்கட்டும், இவுக அஞ்சு பேரும் எங்க ஓடுறாக?"

"உள்ள."

"உள்ள ஓடுனா அஞ்சு பேத்துக்கும் சேத்து மாலை வாங்கணும். ஓட மாட்டோம். நிப்போம்."

"எவ்வளவு நேரம்?" பெயின்ட் டப்பாவின் அளவைக் கேட்பதுபோல இருந்தது என் குரல்.

அவர் டீ டம்ளரைச் சாரத்தின் பலகைமேல் வைத்தார். "நூறு வரைக்கும். கடைசி வெடிச் சத்தம் கேட்டதுல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவோம். நூறு வந்துட்டா உள்ள போவோம். தொண்ணூறுல ஒண்ணு வெடிச்சா, மறுபடி ஒண்ணுல இருந்து. இது புத்தகத்துல கிடையாது. ஒருக்க ஒருத்தரு அவசரப்பட்டு உள்ள போயி, திரும்பி வரல. அதுல இருந்து இங்கன எங்காளுக வச்சுக்கிட்ட பழக்கம்."

"கடிகாரத்தப் பாத்தா பத்தாதா?"

"பாக்கலாம். ஆனா எண்ணாம சும்மா நின்னா, கால் தானா உள்ள போயிரும்மா. சனங்க கத்துவாக. ஏசுவாக. கல்லெடுத்து எறிஞ்சதும் உண்டு. வாய்க்கு ஒரு வேல குடுத்தாத்தான் கால் நிக்கும்."

அன்றைக்கு வண்டியின் அருகில் நின்ற ஒருவரின் வாய் அசைந்துகொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவும் பார்த்தாள். "வெத்தலைய மென்னுக்கிட்டு நின்னான்" என்று அவள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட்டேன். நாரணாபுரம், நான் எட்டாவது படித்த வருடம், மழை விட்ட மறுநாள், மருந்து அறையில் இருந்தவர் என் அப்பா என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டிரைவரின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது.

"அந்த வருசம் இங்கனதான் இருந்தேன். வந்திருப்பேன்."

"வந்தீங்களா, வந்திருப்பீங்களா?"

"பிரிச்சுச் சொல்லத் தெரியலம்மா. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கு."

"வாசல்ல ஒரு வேப்பமரம் இருந்துச்சு."

"எல்லா ஆலை வாசல்லயும் இருக்கும்மா."

"சரி. நீங்க நின்னு எண்ணுறப்ப, உள்ள இருக்கிற ஆள் உயிரோட இருப்பாரா?"

'இருக்க மாட்டாரும்மா' என்று அவர் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. நான் நம்பியிருப்பேன். அவர் சுவரில் ஓடுகிற அந்த ஐந்து பேரைப் பார்த்தார்.

"இல்லன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். ஆனா தெரியாதும்மா. நூறு எண்ணி உள்ள போவோம். உசுரோட இருந்தாலும் தூக்குவோம், இல்லன்னாலும் தூக்குவோம். எண்ணுறப்ப இருந்தாகளா, எத்தனாவதுல போனாகன்னு எவனுக்கும் தெரியாது."

"சரிண்ணே" என்றேன். டீயில் ஆடை படிந்திருந்தது. குடித்தேன். உள்ளே போன் அடித்தது, அவர் ஓடினார். பாம்பு.

சாயங்காலம் வீட்டுப்படி ஏறும்போதே அம்மா கேட்டாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். தெரியாதாம்."

"ம்."

"சும்மா நிக்கலம்மா. எண்ணிக்கிட்டு நின்னிருக்காக. நூறு வரைக்கும். நடுவுல வெடிச்சா மறுபடி ஒண்ணுல இருந்து."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு எத்தன தடவ வெடிச்சுச்சு?"

"தெரியல. நீ எண்ணுனியா?"

"நான் எங்க எண்ணுனேன்" என்றாள். "கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது."

மறுநாள் காலை முதல் வேலையாகத் தீயின்மேல் பிரைமர் அடித்தேன். இரண்டு பூச்சு தேவைப்பட்டது. சிவப்பு லேசில் மறையவில்லை. அதன்மேல் வெள்ளைப் புகை. அதற்குள் பறக்கும் செங்கல், தகரம். புகைக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். கைகள் தொங்கின. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அதிகாரி வந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். "ஓடுற மாதிரி இருந்தது நல்லா இருந்ததேம்மா. ஏற்கெனவே வேடிக்கை பார்க்கிறோம்னு எங்களைத் திட்டுறாங்க. நாமே சுவர்ல வரைஞ்சு வைக்கணுமா?"

டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார். "இருக்கட்டும் சார். நின்னோம்ல."

"வாய் ஏன் திறந்திருக்கு?"

"எண்ணுறாக சார்."

அதிகாரி சுவரின் அருகே போய் அந்த வாய்களைப் பார்த்தார். பிறகு, வண்டியின் எண் தெளிவாகத் தெரியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். என் தோளில் ஒரு சால்வை விழுந்தது. அம்மா வரவில்லை. விருதுநகரில் மிளகாய் மண்டியில் அவளுக்கு வேலை; போகிற பஸ் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகும். இரண்டு நாள் கழித்து, அவளாகவே சொன்னாள்.

"பஸ்ஸுல இருந்து பாத்தேன். சும்மாதான் நிக்காக."

"வாய் தெரியலையா?"

"பஸ்ஸு வேகமாப் போயிருச்சு. நாளைக்கு இறங்கிப் பாக்கேன்."

மறுநாள் அவள் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.