மாமிக்கு வைத்த இலந்தைத் தண்ணீர்

அந்தச் செம்புத் தவலை இன்னும் என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் தம்பி வீட்டோடு நான் வந்து சேர்ந்த பிறகு எத்தனையோ சாமான் கைமாறிப் போயிற்று. இதை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன். "ஒரு சொட்டுத் தண்ணி பிடிக்கிறதில்ல, இதை எதுக்கு அத்தை இம்புட்டுத் தேய்க்கிய?" என்று தம்பி மகள் சலித்துக்கொள்வாள். அவளுக்கு என்னத்தைச் சொல்ல!

நான் வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். தேரடிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. வீட்டில் அவர், அவரைப் பெற்ற என் மாமியார், நான், அவ்வளவுதான். மாமியாருக்குச் சுத்தம் என்றால் ஒரு பைத்தியம். நான் தேய்த்து வைத்த பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "ஏட்டி, இதுல உன் மூஞ்சி தெரியுதா? எனக்குத் தெரியலயே. போ, இன்னொருக்கா தேய்ச்சுக் கொண்டா" என்பார். ஆத்திரமாக வரும். ஆனால் அதே கையால் எனக்குத் தலைவாரிவிட்டு, கடைக்கு வருகிற மல்லிகையில் முதல் சரத்தை என் தலையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பெற்றவளிடம்கூட எனக்கு அந்தச் செல்லம் கிடைத்ததில்லை.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவியது. மாமியாருக்கும் வந்தது. முதலில் மேல்வலி, இருமல், தொட்டால் சுடுகிற காய்ச்சல். சில நாள் கழித்துத்தான் வயிற்றைப் பிடித்தது. வாந்தி நிற்கவில்லை, வயிற்றோட்டம் நிற்கவில்லை. கட்டின சேலை நனைந்து கிடக்கும். நான் மாற்றப் போனால், சுத்தக்காரியல்லவா, கூசிப்போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பேச்சு அடங்குவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, என்னைய நீதான் குளிப்பாட்டணும். இந்தக் கோலத்துல அனுப்பிராத" என்றார். சரி மாமி என்றேன். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

விடிந்ததும் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி, இறந்தது பெண் என்றால் மய்யித்தைப் பெண்களே குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். நான் இந்தத் தவலையில்தான் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காய வைத்தேன். கற்பூரத்தைப் பொடித்து வைத்தேன். அப்போதுதான் டாக்டர் வந்து வாசலில் நின்றார். அந்த நாட்களில் அவர் வந்து என்ன சீக்கு என்று எழுதிய பிறகுதான் யாரையும் எடுக்கலாம். கூமாப்பட்டிப் பக்கம் வாந்திபேதி என்று போய்ப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டை. வீட்டுக்குள் ஒரு எட்டு வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா என்ன கண்டுச்சு?"

"கடைசியா வாந்தி ஐயா. பொறவு வயித்தால போயிக்கிட்டே இருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். கேட்டதற்குப் பதில் சொன்னார், பாவம். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. நான் உள்ளேயிருந்து, "மொதல்ல காய்ச்சல்தாங்கய்யா, இருமல்தாங்கய்யா" என்று கத்தினேன். "வாந்திபேதி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்படி எழுதிவிட்டால் யாரும் தொடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, சுண்ணாம்பு கொட்டி உடனே புதைக்க வேண்டும். பள்ளிவாசல் லெப்பை, தண்ணீர் வேண்டாம், சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவவாவது விடுங்கள் என்று கெஞ்சினார். அதற்கும் விடவில்லை. வண்டி வந்தது. கறைபட்ட அந்தச் சேலையோடே, பாயில் சுருட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கிணற்றில் ஊதா மருந்தைக் கொட்டினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். இருமுகிறவர் பக்கத்தில் உட்காராதே என்று ஒரு பாவி சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "காய்ச்சல்னு சொல்லாம விட்டுட்டேனே. என் வாயாலயே அம்மாவ அப்படி அனுப்பிட்டேனே" என்பது ஒன்றுதான் பேச்சு. அவருக்கும் அதே மேல்வலி, அதே இருமல், அதே காய்ச்சல் வந்தது. அவருக்கு வயிற்றைப் பிடிக்கவில்லை, நெஞ்சைப் பிடித்தது. அவரும் போனார்.

அதே டாக்டர் வந்தார். அதே கேள்வி. மூச்சு முட்டியது என்றார்கள். "காய்ச்சல்" என்று எழுதினார். அவரை ஆண்கள் சுற்றி நின்று இதே தவலைத் தண்ணீரில் முறையாகக் குளிப்பாட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கோஷாவாவது திரையாவது என்று வாசலுக்கே வந்து கேட்டேன். "ஒரே வீடு, ஒரே சீக்கு, தாய்க்கு ஒரு பேரு, மகனுக்கு ஒரு பேரா ஐயா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. "வயித்தால போனா ஒரு கட்டம், காய்ச்சல்னா ஒரு கட்டம்மா. ரெண்டும் சேர்ந்து வந்தா எழுத இந்தத் தாள்ல எடமில்ல" என்றார்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்ததாம். வந்தது எல்லாம் இன்புளுவென்சாவாம். சிலருக்கு நெஞ்சைப் பிடிக்குமாம், சிலருக்கு வயிற்றைப் பிடிக்குமாம். அதைச் சொல்ல அவரே வந்தார். "உங்க மாமியாருக்கும் அதுதாம்மா. இப்ப திருத்தி எழுதியாச்சு" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தது போல.

"ரொம்ப நல்லதுங்கய்யா. அப்ப எங்க மாமியத் தோண்டி எடுத்துக் குடுக்கியளா? குளிப்பாட்டணும்" என்றேன்.

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் தம்பி மகளின் பையனுக்குக் காய்ச்சல். கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஜாரில் புதிதாக வந்திருக்கிற சின்ன வயசு டாக்டர், "எப்ப ஆரம்பிச்சுது? மொதல்ல என்ன வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு, "ஃப்ளூதான் பாட்டி, வயித்தையும் பிடிச்சிருக்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினார். அவ்வளவுதானா! அந்த ஒரு வரிக்கு அன்றைக்கு இடமில்லாமல் போயிற்று. பையன் இப்போது தெருவில் ஆடுகிறான்.

நேற்றுத் தம்பி மகளைக் கூப்பிட்டுத் தவலையைக் காட்டினேன். இதில் உன் மூஞ்சி தெரியுதா பார் என்றேன். தெரிகிறது என்றாள். "நான் போனா எந்தச் சீக்குன்னு வேணாலும் எழுதிக்கிடட்டும். ஆனா மொதல்ல இதுல தண்ணி வச்சு என்னையக் குளிப்பாட்டு. பொறவு எழுதட்டும்" என்றேன். மாமியிடம் நான் சொன்ன மாதிரியே, "சரி அத்தை" என்றாள்.