கண்மூடிக் காத்திருந்த சபை

குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது நான் அவருடைய மேசையில் ஆறிக் கிடந்த தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் உயிர் தப்பும், பேச்சுத் திரும்பாது என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த இவர், என் கணவர், கரகரத்த குரலில் "ஓம்" என்றார். இவர் போதகர். பிரசங்கமே வாழ்க்கையாக இருந்த மனிதரிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாரே என்று கடவுள்மேல் கோபம் கோபமாக வந்தது.

இளம் வயதில் துறைமுகத்தில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். இலங்கைத்துறைக் கரையில் நின்று ஜெபித்தால் கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டார். எல்லாக் கதையையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கிறார் என்று பகிடி பண்ணுவேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் பகிடியை நான் சொல்லவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இருப்பது சபையின் வீடு. சொந்தமாக ஒரு கூரை கிடையாது. பேச முடியாத போதகரை வைத்திருப்பதா, ஓய்வு கொடுத்து அனுப்புவதா என்று சபைக் கமிட்டி யோசிக்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் சொல்வதற்கு முன் நாங்களே மரியாதையாக விலகிவிடலாம் என்றேன். இவர் மகளின் பழைய சிலேட்டை எடுத்து, "கூப்பிட்டவர் இன்னும் போகச் சொல்லவில்லை" என்று எழுதிக் காட்டினார்.

"அவர் கூப்பிடேக்க உங்களுக்குக் குரல் இருந்தது. இப்ப இல்லை எண்டு அவருக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

அந்த ஞாயிறே ஆராதனைக்கு வந்தார். மூப்பர் ஒருவர் பிரசங்கம் செய்தார். ஆனால் கடைசி ஆசீர்வாதத்தைக் குருப்பட்டம் பெற்றவர்தான் கை உயர்த்திக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மூப்பர் விலகி நின்றார். சபை எழுந்து, தலை குனிந்து, கண்களை மூடியது. இவர் முன்னால் வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். உதடுகள் அசைந்தன. கழுத்துத் துளையை மூடியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு எழுந்து தாழ்ந்தது. வேறு சத்தமே இல்லை.

உதடுகள் நின்றன. கண்மூடி நிற்கும் சனத்துக்கு ஆசீர்வாதம் முடிந்தது எப்படித் தெரியும்? அவர்கள் இவருடைய குரலுக்காகக் காத்து நின்றார்கள். இவர் அவர்களுடைய ஆமெனுக்காகக் கைகளை இறக்காமல் நின்றார். இப்படி ஒன்று நடக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. யாரோ இருமினார்கள். உயர்த்திய கைகள் நடுங்கத் தொடங்கின. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கண்ணை மூடாமல் நின்றது நான் மட்டும்தான், விலகச் சொன்ன நான்.

"ஆமென்" என்று ஒரு பெண்குரல் உரக்கக் கேட்டது. முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அது என்னுடைய குரல் என்று விளங்கியது. முன்னால் இருந்த மர வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இவர் கைகளை இறக்கினார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கமிட்டி இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மூடுவதில்லை.