மண்டோர் வீட்டுக் கல்யாணம்

என் கணவர் ரெஜினால்டுக்கு இருப்பது ஒரு லாரி, அலோர் காஜாவில் ஒரு வீடு, 'மண்டோர்' என்ற குடும்பப் பெயர். லாரிக் கதவிலும் வீட்டு கேட்டிலும் அந்தப் பெயரைப் பெரிதாகப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். இவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன தாத்தா சின்னப்பன், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கிய மண்டோராம். கல்யாணமான நாளிலிருந்து இதையே கேட்டு என் காது புளித்துவிட்டது.

மகள் ஷரோனின் கல்யாணக் கார்டிலும் 'மண்டோர் குடும்பம்' என்று போட்டார். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! மாப்பிள்ளை தனபாலனின் தாத்தா வீராசாமி, சர்ச்சில் கல்யாணம் என்றபோதுகூட முகம் சுளிக்காதவர், கார்டைப் பார்த்ததும் கொதித்துப் போனார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் மண்டோர்களிடம் பட்டது போதும், அந்த வம்சத்தில் பெண் எடுக்க மாட்டேன் என்றார். தாத்தா வராமல் கல்யாணமே வேண்டாம் என்றான் தனபாலன். ஷரோன் அழுது தீர்த்தாள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லித்தான் இந்த மனுஷனை நியாலாஸில் இருக்கும் வீராசாமி வீட்டுக்கு இழுத்துப் போனேன். இவரோ உட்கார்ந்ததும் தாத்தா பெருமையை ஆரம்பித்துவிட்டார். அங்கேயே இவர் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. சின்னப்பன் என்ற பெயர் காதில் விழுந்ததும் வீராசாமி நிமிர்ந்தார். எந்தத் தோட்டம், ஆள் கொஞ்சம் சாய்ந்து நடப்பாரா என்று விசாரித்தார். இவர் அப்பா சொன்ன அடையாளமும் அதுதான்.

"அவரு மண்டோர் இல்லப்பா. மண்டோர் வர்றதப் பாத்து 'மண்டோர், மண்டோர்'னு சத்தம் போடுவாரு. உக்காந்திருக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சிக்குவாங்க. அதான் அந்தப் பேரு லா. நான் வயித்துல இருந்தப்ப, எங்கம்மா அந்தச் சத்தத்தாலதான் எத்தனையோ நாளு அடிக்குத் தப்பிச்சிச்சாம்."

கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் ஆளாக வந்து நிற்பேன் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவருக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் டின்னையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். சத்தம் போட்டதற்கு வந்த பெயர் எதற்கு என்று முணுமுணுத்தார். அந்தப் பெயரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் எனக்கு, அப்போது வந்த கோபம் வேறு.

"பொய்யா இருந்தப்ப எழுதினீங்க. உண்மை தெரிஞ்சப்புறம் அழிக்கிறீங்களா? கைய வச்சிப் பாருங்க."